எதிர்ப்பக்கம் சாய்ந்த கட்டங்கள்

மீர்சாகிப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கும் அஃப்சருன்னிசாவுக்கு இடது கைப் பழக்கம். நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் ஐம்பது வயதுவரை இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்ன வயதில் அவளுடைய அம்மா அமீனா பீ அந்தக் கையைத் துப்பட்டாவால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சோறு வைப்பாள். கெட்ட எண்ணம் இல்லை. நாளைக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரவேண்டாமா என்ற கவலை. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அந்தக் கைக்கு ஒரே பெயர்தான், பீச்சாங்கை. ஒரு கையைப் பார்த்து இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, கிடைத்தால் நான் நாலு வார்த்தை கேட்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் ஹபீபுர் ரஹ்மானின் தி.நகர் கடையில் அவள் கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். பட்டன், லேஸ், ஜிப் விற்கும் கடை. ஒருநாள் காலை போணி நேரத்தில் யாரோ பட்டன் கேட்க, அவசரத்தில் இடது கையால் எடுத்து நீட்டிவிட்டாள். வந்தவர் அந்தக் கையைப் பார்த்தார், வாங்காமலே போய்விட்டார். ஹபீபுர் ரஹ்மான் திட்டவில்லை. "நாளையிலேர்ந்து நீ வூட்லயே ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

வீட்டில் ரெஸ்ட் எடுத்தவள்தான் குரோஷா ஊசியால் நூல் பின்னக் கற்றுக்கொண்டாள். போனில் வரும் வீடியோக்களில் எல்லோரும் வலது கையால் பின்னினார்கள். அவள் போனை பீரோ கண்ணாடிக்கு எதிரே சாய்த்து வைத்து, கண்ணாடியில் தெரியும் கையைப் பார்த்துப் பின்னினாள். கண்ணாடிக்குள் எல்லோரும் இடது கைக்காரர்கள். கதவை மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

கடையில் உட்கார்ந்த நாளிலேயே பழக்கமான இசக்கியம்மாள்தான் அவளை மயிலாப்பூரில் ஜெயஸ்ரீ மாமியின் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே வாராவாரம் ஏழெட்டுப் பெண்கள் கூடி, ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காகப் போர்வைகள் பின்னுவார்கள். காப்பி வரும், வம்பு வரும், நடுவே கொஞ்சம் பின்னலும் நடக்கும். அஃப்சருன்னிசாவுக்குச் சொந்தக்காரர் அல்லாத சிநேகிதிகள் கிடைத்தது அங்கேதான். அந்தக் கிழமைக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

அங்கே மட்டும் ஊசியை வலது கையில் பிடிப்பாள். அது தத்தித் தத்தி நகரும். "மெதுவா வரும், பயப்படாதே" என்பாள் மாமி.

அப்போது எடுத்த போர்வை மஞ்சளும் நீலமுமாய்க் கட்டம் போட்டது. ஒரு கட்டம் மஞ்சள் பின்னும்போது நீல நூல் அதற்குள்ளேயே ஒளிந்து வரவேண்டும். அடுத்த கட்டத்தில் நீலம் வெளியே வந்து மஞ்சள் ஒளியும். ஒவ்வொரு வரிசையையும் போர்வையின் முகப்பைப் பார்த்தபடியே பின்னி, முடிவில் நூலை வெட்டிக் குஞ்சமாக விடவேண்டும். ஆளுக்கு ஒரு நீளப் பட்டை. எல்லோரும் வீட்டில் பின்னிக் கொண்டுவந்தார்கள்.

பட்டைகளைத் தரையில் விரித்துச் சேர்த்துப் பார்த்த அன்றுதான் வினை. இப்படி ஒரே முகமாகப் பின்னினால் கட்டங்கள் லேசாகச் சாயும். எல்லோருடையதும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அஃப்சருன்னிசாவின் பட்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு, இருந்த பட்டைகளிலேயே அதுதான் அழகு. கட்டத்தின் ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

மாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அஃப்சர், நிஜமாச் சொல்லு. இதை நீயா பண்ணினே?"

"ஆமா மாமி."

"இங்க உக்காந்துண்டு நீ பின்றதை நான் பாத்துண்டுதானே இருக்கேன்? இது வேற யாரோ பண்ணினது. இல்லேன்னா இங்கயே ஒரு வரிசை போட்டுக் காட்டேன்."

இசக்கியம்மாள் ஊசியையும் நூலையும் அவள் மடியில் வைத்தாள். இவள் காட்டிவிட்டால் எல்லோர் வாயும் அடங்கும் என்று நினைத்தாள், பாவம். அஃப்சருன்னிசாவின் இடது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தால் போதும். ஆனால் ஏழெட்டு ஜோடிக் கண்கள் அந்தக் கையைப் பார்க்கும். கடைக்கு வந்தவர் பார்த்த மாதிரி.

"நான் பண்ணல. அமீனா பீன்னு எங்க வூட்டாண்ட ஒருத்தங்க. அவங்க பின்னிக் குடுத்தாங்க."

யாரும் சத்தம் போடவில்லை. "அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் மாமி. இசக்கியம்மாள் நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொய்க்காரி என்று பெயர் எடுத்து அஃப்சருன்னிசா படியிறங்கினாள். கூசியது, அழுகை வந்தது. ஆனாலும் அந்தக் கை தெரியவில்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரம் அவள் போகவில்லை. போர்வைக்கோ இன்னும் ஒரு பட்டை வேண்டியிருந்தது. அமீனா பீயைக் கேட்டுப் பார்க்கலாம் என்று மாமி நூல் பையோடு ஆட்டோ பிடித்து அஃப்சருன்னிசா வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்தது மகள் அஃப்ரா.

"அமீனா பீயா? அது எங்க நானி பேராச்சே, அம்மியோட அம்மா. அவங்க மௌத்தாகி ரொம்ப வருஷம் ஆச்சு ஆன்ட்டி. இருங்க, அம்மியக் கூப்டுறேன்" என்றவள் போய் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். அன்றைக்கென்று தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து அஃப்சருன்னிசா பின்னிக்கொண்டிருந்தாள். இடது கையில் ஊசி பறந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் மாமியின் முகம் தெரிந்ததும் ஊசி கீழே விழுந்தது. கை துப்பட்டாவுக்குள் போனது.

"மாமி, தப்பா நெனைக்காதீங்க. சோத்துக்கையில எனக்கு வரல. ஆஸ்பத்திரிக் கொழந்தைங்களுக்குப் போறது... பீச்சாங்கையில பின்னுனதுன்னு தெரிஞ்சா யாராவது போத்துவாங்களா?"

சொன்ன பொய்க்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கைக்குத்தான் கேட்டாள். மாமிக்கு முகம் செத்துவிட்டது. எல்லோர் முன்னாலும் ஒருத்தியைத் திருடி மாதிரி நிறுத்தினோமே என்று இருந்தது. பையைக் கட்டில்மேல் வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

ஆனால் மாமி நல்லவள். நல்லவர்களால் சும்மா இருக்க முடியாது. அடுத்த கூட்டத்தன்று போன் வந்தது.

"அஃப்சர்! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. நீயேதான் பண்ணினே, லெஃப்ட் ஹேண்ட், கண்ணாடியப் பாத்துண்டே பின்றேன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டேன். நான்தான் தப்புன்னும் சொல்லிட்டேன். எல்லாரும் ஸ்பீக்கர்ல இருக்கா, பேசு!"

பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள், "அக்கா, உடனே கெளம்பி வாங்க. நீங்க பின்றத நாங்க எல்லாரும் பாக்கணும்!" என்று கத்தினாள்.

"எல்லார்கிட்டயுமா மாமி?" என்று கேட்டாள் அஃப்சருன்னிசா.

அறையில் வேறு யாரும் இல்லை. இடது கையில் இருந்த போனை அவள் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.