சுப்பண்ணனின் நிழல் தோட்டம்

கட்டபெட்டு சுப்பண்ணன் வீட்டுக்குப் பின்னால் கஞ்சா வளர்க்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நாட்டு நலன் கருதி நானே விசாரிக்கக் கிளம்பினேன்.

சுப்பண்ணன் டீ ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் கோவையில் இருக்கிறாள். நான் தட்டுவதற்கு முன்பே கேட்டைத் திறந்துவிட்டார்.

பின்புறம் மரநிழலில், மக்கிய இலைகளுக்கு நடுவே, நகத்தளவு ஊதாப் பூக்கள். சோலைக்காட்டு வயலட். ஓடையோரம் பாதை வெட்டியபோது மண்ணோடு சரிந்து கிடந்த செடிகளை வாரிக்கொண்டு வந்து நட்டிருக்கிறார். பூவைப் பார்க்கக் குனிய வேண்டும். இருவரும் குனிந்தோம்.

"வெயில் பட்டாத்தானுங்க வாடும். ஆளுக பாத்தா ஒண்ணும் ஆகாது," என்றார். "மூணு வருசமாப் பூக்குது. பாக்க வாங்கன்னு எல்லாத்தையும் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரலீங்க."

"அப்புறம் கஞ்சான்னு யாருங்க கிளப்பிவிட்டது?"

"நான்தானுங்க," என்றார், ஓர் இலையிலிருந்த மண்ணைத் துடைத்தபடி. "போலீஸ்காரராவது வருவாருன்னு பாத்தேன். நீங்க வந்தீங்க."

"ஏனுங்க, ஏமாத்தமாப் போச்சா?"

"பரவால்லீங்க. உக்காருங்க."

டீ கொடுத்தார். ஒவ்வொரு செடியைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்ததும் முதல் செடியிலிருந்து மறுபடி தொடங்கினார். நான் எழுந்ததும் உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"மழையே இல்லீங்களே."

"வருமுங்க. அடுத்த வாட்டி வாறப்பக் கொண்டாந்து குடுங்க, போதும்."

பஸ் ஏறும்வரை நல்ல வெயில். குடை இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பூ உதிர்வதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.