தலை நனையாத மேலச்சுவர்

எங்கள் வீடு பாதி எழும்பி நின்ற அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. தென்காசியில் பெரியப்பா வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். அடுப்பு ஒன்றுதான். பெரியம்மா சமைத்து இறக்கிய பிறகுதான் அம்மாவுக்கு அது கிடைக்கும். அதனால் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கல் போட்ட நாளிலிருந்தே அம்மா அங்கே போய்ப் போய் நிற்பாள்.

மண்சுவர்தான். ஒரு வரி வைத்து, அது காய்ந்தபிறகு மேலே அடுத்த வரி. வாசலுக்கு நிலை நிறுத்தியாகிவிட்டது, உத்திரமும் ஏற்றியாகிவிட்டது. கைமரம் அடித்து ஓடு போடுவதுதான் பாக்கி. ஓடு ஏற்றிவர அப்பா செங்கோட்டைக்குப் போயிருந்தார். ஆனி பிறந்துதான் சாரல் வரும் என்று எல்லாரும் தைரியமாக இருந்தோம். வைகாசியிலேயே மலை கறுத்துவிட்டது.

காலையில் யாரோ வந்து, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றார்கள். அவ்வளவுதான். கொத்தனாரும் ஆசாரியும் கரண்டியையும் உளியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முதல் தண்ணீரில் குளிக்கப் போகிறவனை எங்கள் ஊரில் யார் தடுப்பார்கள்? பெரியப்பாவும் அவர்களோடு போனார்.

மத்தியானம் சாரல் இங்கேயும் வந்துவிட்டது. மண்சுவருக்கு உடம்பு நனைந்தால் பாதகமில்லை, தலை நனையக்கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கி ஊறினால் சுவர் சரிந்துவிடும். மலைப்பக்கமிருந்து அடிக்கிற சாரலை வாங்குவது மேலச்சுவர்; அது போனால் உத்திரமும் போகும். அப்புறம் இன்னொரு வருஷம் பெரியம்மா அடுப்புத்தான். அம்மா இரண்டு பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றைக் காற்று பிடுங்கித் தெருவில் போட்டது.

திரும்பிப் பார்த்தால், பெரியம்மா தன் மாட்டுத்தொழுவக் கூரையிலிருந்து தென்னங்கிடுகுகளை உருவிக்கொண்டிருக்கிறாள். மாடு நனையுமே அக்கா என்று அம்மா பதறினாள்.

"நனையட்டும். நீ இன்னும் ஒரு வருசம் என் அடுப்படியில கெடந்தா எனக்குல்லா கிறுக்குப் பிடிக்கும்" என்றாள் பெரியம்மா. என்னைப் பார்த்து, "ஏட்டி, ஏணியில ஏறு" என்றாள்.

வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். அன்றைக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகி, தெருவே பார்க்கச் சுவர்மேல் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா கிடுகை நீட்ட நீட்ட நான் விரித்தேன். பெரியம்மா பாரத்துக்குக் கல் எடுத்துத் தந்தாள். சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. பயமே இல்லை, சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தது போதும், கல்லை வை என்று கீழே இருந்து இரண்டு பேரும் ஏசினார்கள். ஏசிக்கொண்டே அவர்களும் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஆண்கள் ஈரத்தலையும் சிவந்த கண்ணுமாக வந்தார்கள். கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். ஏறி, ஓரத்துக் கிடுகை இழுத்துக் கட்டினார். பெரியம்மாவின் மாடுகள் அவள் அடுப்படியில் நின்று அசைபோட்டன. அன்று எல்லாருக்கும் பழையதுதான்.

மழை வெறித்து வானம் வெளுத்ததும் அம்மா மேலச்சுவரை உள்பக்கம் தடவித் தடவிப் பார்த்தாள். கையில் ஈரமே ஒட்டவில்லை. அடுப்பு இங்கே என்று மூலையில் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"அங்கன வேண்டாம். புகை பூரா என் வீட்டுக்குல்லா வரும்" என்று சொல்லி, பெரியம்மா தானே மூன்று கல்லைப் பொறுக்கி வந்து எதிர்மூலையில் வைத்தாள்.