வலிக்கு ஒரு சைகை

அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக இன்று திருப்பலிப் பூசைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது.

அண்ணன் பிறந்தது பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அந்த இரைச்சலில் வளர்ந்ததாலோ என்னவோ, அண்ணனுக்குப் பேச்சே பிடிக்காது. காதுவலி என்றால்கூடக் காய்ச்சல் கண்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரியும்.

பாதிரியாராகக் குருப்பட்டம் பெற்ற அன்று பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடந்தார். மன்றாட்டுமாலை முடியும்வரை அப்படிக் கிடப்பதுதான் முறை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி, அசையவே காணோமே. எழுப்பச் சொல்லு" என்று என் கையைப் பிடித்து இறுக்கினார். அண்ணன் எழுந்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.

சில ஆண்டுகள் பங்குக் கோயில்களில் உழைத்தபின், ஆயர் ஆண்டகையின் அனுமதியோடு ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் தியான சபையைத் தொடங்கினார். கீற்றுக் கொட்டகை, நான்கு துறவிகள். காவிரி கொட்டகையைக் கொண்டுபோன போதெல்லாம் மறுபடி கட்டினார். சபையில் பேச்சு கிடையாது. சோற்றுக்கு, உப்புக்கு, மண்வெட்டிக்கு என்று கைச்சைகைகளை அவரே வகுத்தார். ஜெபத்தில் இருப்பவரை யாரும் தொடக்கூடாது என்பதும் அவர் வைத்த ஒழுங்குதான்.

"வலிக்கு என்ன சைகைண்ணே?" என்று கேட்டேன்.

"அதை ஆண்டவர்கிட்ட சொன்னா போதும்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற ஆண்டு மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஸ்ரீரங்கத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மார்பில் குழாயை வைத்துக் கேட்டவர், இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்.

"ஸ்வாமி, மௌனமா இருங்கோ, வேண்டாங்கலை. ஆனா வலிச்சா கத்திடணும். பக்கத்துல இருக்கறவாளுக்குக் கேக்கணும், தெரியறதா?"

அண்ணன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன்.

பெரிய வெள்ளி வந்தது. வழிபாட்டின் தொடக்கத்தில் குருவானவர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து வணங்குவார். அண்ணனும் விழுந்தார். துறவிகள் பின்னால் முழந்தாளிட்டுக் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. ஆழ்ந்த ஜெபம் என்று நினைத்தார்கள். சுவரில் விழுந்த வெயில் மெல்ல மேலேறி மறைந்தது. அப்போதும் யாரும் அவரைத் தொடவில்லை. விளக்கேற்றும் வேளையில்தான் மூத்த துறவி ஒழுங்கை மீறித் தோளைத் தொட்டார். உடல் சில்லிட்டிருந்தது.

அந்த நால்வரும் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் மேல்தான் கோபம். அது இன்னும் தீரவில்லை.

தோட்டம் தந்த குடும்பத்தாருக்கும், டாக்டர் அவர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த பொன்மலைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன வாரம் மடத்துக்குப் போயிருந்தேன். மூத்த துறவி வாசலுக்கு வந்து, தாங்கள் புதிதாகச் சேர்த்த சைகையைக் காட்டினார். ஒரு கை மார்பில், மறு கையால் பக்கத்தில் இருக்கும் பலகையைத் தட்ட வேண்டும். அவர் மெல்லத்தான் தட்டிக் காட்டினார்.

நான் மார்பில் கைவைத்து, கதவை ஓங்கித் தட்டினேன். உள்ளே இருந்த மூவரும் ஓடி வந்தார்கள்.