மதினி இடித்த புற்று

சென்ற வாரம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தபோது, பதுளையில் எங்கள் கடையில் வேலைசெய்யும் ஆள் மூச்சிரைக்க வந்து நின்றார். "கடையம்மா போயிட்டாங்கய்யா" என்றார். என் அண்ணன் மனைவி சிவகாமி அம்மாள், எனக்கு மதினி. பெரட்டை அப்படியே விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

மதினி வாழ வந்த காலத்தில், கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் மண் வீட்டைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. நடுத்தூணை ஒட்டிப் புற்றே எழும்பிவிட்டது. நாகம்மாள் வீடு தேடி வந்திருக்கிறாள் என்று அதற்கு மஞ்சள் பூசினார்கள். வருடங்கள் போயும் பிள்ளையில்லாத மதினி, வெள்ளிதோறும் பால் ஊற்றி வேண்டிக்கொண்டார்கள். பால் ஈரத்தில் கறையானும் நன்றாகக் கொழுத்தது! தூணைத் தட்டினால் பொத்தென்றது. அதன் அடியில்தான் எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். அவர்களை நகர்த்த வேறு இடமுமில்லை.

இடிக்க அண்ணனுக்குக் கை வரவில்லை. கூலிக்கு அழைத்தவர்களும் தொட மறுத்தார்கள். கடைசியில் மதினியே கடப்பாரையை எடுத்தார்கள். புற்றைக் கும்பிட்டு, "தாயே, கோவிச்சுக்காத. எனக்கு இப்ப அத்தை உசுருதான் பெருசு" என்று சொல்லிவிட்டு ஓங்கினார்கள். தோண்டிய குழியில், மண்ணெண்ணெயில் கரைத்த தாரை ஒரு தகர டின்னிலிருந்து ஊற்றினார்கள். அதன்பின் ஒவ்வோர் ஐப்பசி மழைக்கு முன்னும் வீட்டைச் சுற்றி மண்ணை வெட்டி அதையே விடுவார்கள். கறையான் திரும்பி வரவில்லை.

அம்மா மேலும் பல காலம் இருந்தார்கள். மதினிக்குத்தான் பிள்ளை பிறக்கவில்லை. புற்றை இடித்த பாவம் என்று கடைத்தெருவே பேசியது. கறையானுக்கு மருந்துண்டு, ஊர் வாய்க்கு எதை ஊற்றுவது? மதினி சிரித்துக்கொண்டே, "நான் மண்ணுக்குள்ள போனா கறையானுக்குக் கொண்டாட்டந்தான் தம்பி" என்பார்கள். அண்ணன் மட்டும் வாயே திறக்கமாட்டார். அவருக்கும் தன்மேல் வருத்தம்தானோ என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். அப்படியெல்லாம் இல்லை மதினி என்றேன். அவர்கள் நம்பவில்லை.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். உடலை இறக்கும் முன் அண்ணன் எல்லோரையும் நிறுத்தினார். கையில் மதினியின் அந்தத் தகர டின். குழியின் நான்கு ஓரமும் குனிந்து குனிந்து தாரை ஊற்றினார்.

"கடப்பாரைய நான் எடுத்திருக்கணும் சிவகாமி. பழியெல்லாம் நீ சொமந்துட்ட" என்றார்.

மதினி, இப்போதாவது நம்புங்கள். கறையான் அண்டாத மண்ணில் நிம்மதியாகத் தூங்குங்கள்.