அளவு அதேதானுங்க

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் அன்றைக்கு மூன்று தையல்காரர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே வியாதி. அளவு ரவிக்கையை மேசையில் விரித்து டேப்பை வைத்ததும், உள்ளே மிஷினில் இருப்பவருக்குக் கேட்கும்படி "மார்பு நாப்பத்தாறு" என்று கூவுவார்கள். அவர் "எத்தனை?" என்பார். இவர் இன்னும் உரக்கச் சொல்வார். எதிர்க்கடையில் வெற்றிலை வாங்குகிறவன்கூடத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். நான் பள்ளிக்கூட டீச்சர். அறுபது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிறவள். அந்தக் கடைப்படியில் நிற்கும்போது மட்டும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். பிறந்ததிலிருந்தே நான் குண்டு. நானே சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அடுத்தவர் சொன்னால்தான் பற்றிக்கொண்டு வரும்.

போதாததற்கு அறுபதுகளில் வந்த நாகரிகம். கை இரண்டு விரற்கடை, முதுகு பாதி திறப்பு, இடுப்புக்கு ஒரு சாண் மேலேயே ரவிக்கை முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அதை வெட்டிய எந்த ஆணும் யோசித்ததில்லை. அதனால்தான் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மதலேனம்மாள் வீட்டுக்குப் போனோம்.

மதலேனம்மாள் ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. கணவர் கபிரியேல் கோபாலபுரம் சோதனைச் சாவடியில் சுமை இறக்கப் போய்விடுவார். பகலெல்லாம் வீட்டில் அவளும் கால் மிஷினும்தான். தொழிலை அவள் ஒரு பழைய ஜாக்கெட்டிடம் கற்றுக்கொண்டாள். பக்கத்துச் சித்தூர் வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி, வாட்டசாட்டமானவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தன் கல்யாணத்துக்குத் தைத்ததை ஒட்டுப்போடக் கொடுத்திருந்தாள். மதலேனம்மாள் அதைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கோத்துக் கொடுத்தாள். அதில் கக்கத்தில் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைத்திருந்தது. அந்தத் துண்டு இருந்தால் எவ்வளவு பருத்த கையும் தாராளமாகத் தூக்கலாம். முழங்கை வரை நீளும் கை, தோளில் சுருக்கம் வைத்த பஃப், இடுப்பு வரை இறங்கும் உடல். அன்றிலிருந்து பருத்த பெண்களுக்கு மட்டுமே தைத்தாள். அவள் தைத்ததைப் போட்டால் குண்டு என்று தோன்றாது, பெரிய மனுஷி என்று தோன்றும்.

அதைவிடப் பெரிய விஷயம், அவள் டேப் பிடிக்க மாட்டாள். ஆளுக்கொரு நூல்கயிறு. மார்பைச் சுற்றி, கயிறு முட்டும் இடத்தில் சிவப்பு நூலால் ஒரு கட்டு, இடுப்புக்குப் பச்சை, கைக்கு மஞ்சள். கயிற்று நுனியில் அவரவர் ரவிக்கைத் துணியில் ஒரு கிழிசலைக் கட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். எண் என்ற ஒன்றே அந்த வீட்டில் கிடையாது. ஒவ்வொரு ரவிக்கையிலும் உள்ளே இரண்டு விரல் அகலம் துணியை மடித்து விட்டிருப்பாள். நாம் பருத்துப்போய் ரவிக்கை பிடிக்கிறது என்று கொண்டுபோனால், "இஸ்திரி போட்டுத் தர்றனுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்தையலைப் பிரித்து விட்டுவிடுவாள். மறுநாள் போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். "அளவு அதேதானுங்க" என்பாள். பொய் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு பேச்சைக் கேட்கத்தான் நான் வெயிலில் இரண்டு மைல் நடந்து போவேன்.

ராசம்மாளும் அப்படித்தான். வேலந்தாவளம் சாலையில் நிலக்கடலையும் பருத்தியும் போடுகிற செங்கோட்டையனின் மனைவி. என்னைவிடப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. எழுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் நான் மதலேனம்மாள் வீட்டில் இருந்தபோது ஒரு கட்டு ரவிக்கையோடு வந்தாள்.

"ஏம்புள்ள மதலேனா, வெளுக்கறவ கல்லுல போட்டு அடிச்சு அடிச்சு எல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. பிடிச்சுக் குடு."

மதலேனம்மாள் கயிற்றைச் சுற்றினாள். பழைய சிவப்புக் கட்டுக்கு நாலு விரல் முன்னாலேயே கயிறு முட்டிவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு சிவப்பு நூலைக் கட்டினாள்.

"அளவு அதேதானுங்க. துணிதான் நைஞ்சு போச்சு" என்றாள்.

பத்து வருஷமாக வாய் பழகிய பேச்சு. பருத்துப்போனவர்களுக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகியது, இளைத்துப்போனவளைப் பார்த்தபோதும் அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

ஐப்பசியில் ராசம்மாள் மறுபடி வந்தாள். மகளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை, "சம்பந்தியம்மா வாடிப்போய்ட்டீங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் சீக்குங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறாள். பெண்ணைப் பெற்றவளுக்குச் சீக்கு என்றால் பெண்ணின் உடம்பைப் பற்றியும் பேச்சு வரும், நிச்சயம் நிற்காது. ராசம்மாள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நெசமாச் சொல்லு புள்ள. நான் எளைச்சுட்டனா?"

மதலேனம்மாள் கயிற்றை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இல்லீங்கக்கா. அளவு அதேதானுங்க."

"அப்பறமென்ன! கல்யாண ரவிக்கைக்குக் கையை நல்லா உப்பலா வெய்யி. அந்த அத்தைக்காரி கண்ணு அவிஞ்சு போகட்டும்."

உப்பலாகவே வைத்தாள். தோளில் இரட்டைச் சுருக்கம், உள்ளே கஞ்சி போட்ட மல் துணி, மார்பில் இரண்டு அடுக்கு. பருத்த உடம்பைக் கம்பீரமாகக் காட்டக் கற்றுக்கொண்ட வித்தையையெல்லாம் அந்த இல்லாத உடம்புக்குக் கொட்டினாள். தை மாசக் கல்யாணத்தில் அரக்குப் பட்டு ரவிக்கையோடு ராசம்மாள் பந்தலில் நின்றதைப் பார்த்து அத்தைக்காரியே வாயடைத்துப்போனாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா எடுப்பா இருக்கீங்க" என்றேன். மணப்பெண்ணைவிட அம்மாவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

மாசியில் படுத்துவிட்டாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து நாளில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். வயிற்றில் கட்டி. நானும் மதலேனம்மாளும் சேர்ந்துதான் பார்க்கப் போனோம். செங்கோட்டையன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதையே எங்களிடமும் சொன்னார்.

"எத்தனை மாசமா எளைச்சுட்டு வர்றாங்கன்னு டாக்டர் கேட்டாருங்க. எளைக்கவே இல்லீங்களே, மதலேனம்மா கயிறு வெச்சு அளந்து அதே அளவுன்னுதானே சொல்லுச்சுன்னேன். ஆறு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா அறுத்தெடுத்திருக்கலாம்னாருங்க."

மதலேனம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. அதற்கு முந்தினதுதான் ஆவணி. எண்ணத் தெரியாதவள் மாதிரி மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

உள்ளே கட்டிலில் ராசம்மாள் கிடந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கயிறு கொண்டாந்தியா புள்ள?"

கொண்டுவந்திருந்தாள். மடியில் முடிந்து வைத்திருந்தாள். எதற்கு எடுத்துவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"இப்பவாச்சும் அளந்து சொல்லு. எத்தனைன்னு எண்ணிக்கையா சொல்லு. ஒரு நாளும் சொன்னதில்லையே நீ."

மதலேனம்மாள் அவளை மெல்லத் தூக்கிப் பிடித்துக் கயிற்றைச் சுற்றினாள். பிறகு அதை மடியில் வைத்துக் கட்டைவிரல் கணுவால் அங்குலம் அங்குலமாக அளந்தாள்.

"முப்பத்திரெண்டுங்கக்கா."

"முன்ன எத்தனை?"

"நாப்பத்தெட்டுங்க."

"அடி ஆத்தா! வயசுக்கு வந்தப்பக்கூட நான் இத்தனை சிறுசா இருந்ததில்லையே" என்று ராசம்மாள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள். "ஏம்புள்ள, முன்னயே சொல்லல?"

மதலேனம்மாள் கயிற்றைச் சுருட்டப் போனாள். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செங்கோட்டையன் உள்ளே வந்து கயிற்றை வாங்கினார். அதில் சிவப்புக் கட்டுகள் வரிசையாக உள்நோக்கி நடந்திருந்தன.

"இது எப்பக் கட்டினது?"

"ஆவணிங்க."

"இது?"

"ஐப்பசிங்க."

"இது?"

"கல்யாணத்துக்குங்க."

அவர் கத்தவில்லை. கயிற்றை அவள் கையிலேயே திரும்ப வைத்தார். "இனி எங்கூட்டுப் படி ஏறாதே" என்றார்.

பங்குனியில் ராசம்மாள் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலைக்கு ரவிக்கை தைக்க வேண்டும். மதலேனம்மாளிடம் போகக் கூடாதென்பதால், பீரோவில் இருந்த பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு எடுத்துக் கடைவீதியில் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டுக்கே தைத்து வந்தது. அதைப் போட்டுவிட்டபோது முதுகுப் பக்கம் துணியை அள்ளி அள்ளிச் சொருக வேண்டியிருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொருகினோம். மதலேனம்மாள் வெளியே சாலையில், வேப்பமரத்தடியில், கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

மாதா கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். அவர் பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாராம். "பத்தே பத்துங்க டீச்சர்" என்று என்னிடம் சொன்னாள். அந்தச் சாமியார் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

அதன்பின் அவள் கயிற்றை விட்டுவிட்டு டேப் வாங்கினாள். வருகிற ஒவ்வொருத்தியிடமும் அளவை உடைத்துச் சொன்னாள். "நாப்பத்தி நாலுங்க, போன தடவைக்கு ஒண்ணரை கூட." "நாப்பதுங்க, ரெண்டு கொறஞ்சிருக்கு, டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க, அப்பறம் தெக்கறேன்." சீட்டு கொண்டுவராமல் கத்தரியைத் தொட மாட்டாள். யாருக்கு வேண்டும் இது? ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. எழுபத்தெட்டில் போகிற ஆள் நான் ஒருத்திதான். வேறு போக்கிடமில்லாமல் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் என் முதுகுப் பக்கம் நின்று டேப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சருங்க, கல்யாணத்துல ராசக்கா கையைப் பிடிச்சீங்களே. இங்க, பஃபுக்கு மேல. நான் பந்தல் கால்கிட்ட நின்னு பாத்துட்டிருந்தனுங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?"

பிடித்தேன்தான். கை நிறையக் கஞ்சித் துணிதான் வந்தது. அழுத்தியபோது உள்ளே எங்கேயோ ஆழத்தில் எலும்பு தட்டுப்பட்டது. அப்போதே தெரிந்தது எனக்கு. தெரிந்துதான் எடுப்பாக இருக்கிறீர்கள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கவனிக்கலையே மதலேனா" என்றேன்.

டேப் என் மார்பைச் சுற்றி வந்து முட்டியது. அவள் மூச்சு என் பிடரியில் பட்டது.

"சரிங்க" என்றாள். "நாப்பத்தேழுங்க. இந்தத் தடவை அளவு அதேதான்."