நாலு சாவியும் ஒரு துருப்பும்

பால் பொங்கி வழிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். என் வீட்டில் பால் பொங்கி, சுண்டி, கருகி, கடைசியில் பாத்திரமே கருகிவிட்டது. நான் அப்போது கீழே கடையில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அது முதல் தடவை. அடுத்த மாதம் குக்கரைத் தண்ணீரே ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினேன். மூன்றாவது தடவைக்கு என் மகன் காத்திருக்கத் தயாராக இல்லை.

"நீ இனிமே விவேக் நகர்ல தனியா இருக்க வேணாம்மா. சந்தாபுராவுக்கு வந்துடு" என்றான். மருமகள் தங்கமானவள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குச் சங்கடம். பெங்களூரின் அந்தக் கோடியில் அவர்கள் இருப்பது பதினோராவது மாடி. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும். இங்கே ஜன்னலில் நின்றபடியே முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்கலாம். அந்த ஜன்னலை விட்டுப் போக எனக்கு மனமில்லை. உன் அப்பா போன பிறகும் இந்த இரண்டு அறைகளில்தானே நான் நிமிர்ந்து நின்றேன் என்று அவனிடம் வாதாடி, மூன்று மாதம் தவணை வாங்கினேன்.

அவன் என் போனில் ஞாபகசக்தி விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். ஆப்பிளோடு ஆப்பிளைச் சேர்த்தால் அது கைதட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஊரின் நம்பரை நாக்கு நுனியில் வைத்திருந்தவளுக்கு எல்.கே.ஜி. கைதட்டல். நாலாம் நாள் அதை அழித்துவிட்டேன்.

மாடி வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். "ஞாபகம் வேணும்னா இருபத்தெட்டு ஆடுக்கா. மாத்திரையெல்லாம் அப்புறம்" என்று சீட்டுக்கட்டோடு இறங்கி வந்தாள். எதிர்வீட்டு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரும் தெருமுனை டெய்லரும் சேர, நாலு பேர் ஆனோம். மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம். நானும் நர்ஸும் ஒரு கட்சி, அவர்கள் இருவரும் மறு கட்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபத்தெட்டில் முதலில் ஆளுக்கு நாலு சீட்டு வரும். அதைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த ஜாதியோ, இஸ்பேடோ, இதயம் போட்ட ஆட்டினோ, அதுதான் துருப்பு. பிறகு இன்னும் நாலு சீட்டு. ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரியது, அடுத்தது ஒன்பது. முதலில் இறங்கிய ஜாதி கையில் இல்லாதவர் துருப்பு என்னவென்று கேட்கும் வரை கவிழ்த்த சீட்டு கவிழ்த்தபடியே கிடக்க வேண்டும். வைத்தவரும் எடுத்துப் பார்க்கக் கூடாது. துருப்பு வெளிப்படும் முன் அவர் அந்த ஜாதியை முதலில் இறக்கினால் ஆட்டம் தோற்றது.

இதைத் தவிர எங்கள் மேசைக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒருநாள் டெய்லர் பாதி ஆட்டத்தில், "அய்யோ, இஸ்திரிப் பெட்டி" என்று எழுந்து ஓடினார். இன்னொரு நாள் நர்ஸ் வீட்டு மோட்டார் நிறுத்துவாரில்லாமல் ஓடி, மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்தது. மறதி என் ஒருத்தியின் சொத்தில்லை என்று தெரிந்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது, ஆனால் உண்டானது. அன்றிலிருந்து சீட்டுப் போடும் முன் எல்லாரும் வீட்டுச் சாவியை மேசை நடுவில் வைக்க வேண்டும். ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல வேண்டும். கேஸ்? மூடியாச்சு. மாத்திரை? போட்டாச்சு. நாலு பேரும் சொல்லி முடித்த பிறகு கண்டக்டர் பழைய வழக்கப்படி "ரைட், ரைட்" என்பார். அதன் பிறகுதான் ஆட்டம் புறப்படும்.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கையில் மடித்த அட்டைப் பெட்டிகள். என் சாமான்களைக் கட்டத்தான். சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். நர்ஸ் ஒரு கல்யாணத்துக்குக் கோலார் போயிருந்ததால் அவள் நாற்காலியில் அவனையே உட்கார வைத்தேன். காலேஜில் ஆடியவன்தான். காரில் வந்தவன் என்பதால் வீட்டுச் சாவிக்குப் பதில் கார் சாவியை வைத்தான். கண்டக்டர் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

மூன்றாவது ஆட்டத்தில் ஏலம் என் பக்கம் வந்தது. துருப்பைக் கவிழ்த்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவன், "வர்ற ஞாயித்துக்கெழம வண்டி சொல்லிடவாம்மா?" என்றான். ஜன்னலும் முருங்கைக்காய்க்காரியும் கண்முன் வந்து போனார்கள். அடுத்த நாலு சீட்டையும் வாங்கி, ஜாதிவாரியாக அடுக்கி நிமிர்ந்தேன். துருப்பு என்னவென்று மறந்துபோயிருந்தது.

முதல் இறக்கம் என்னுடையது. கையில் இஸ்பேட் ஜாக்கி இருந்தது. ஆட்டின் ஜாக்கியும் ஒன்பதும் இருந்தன. இரண்டில் ஒன்றுதான் துருப்பு. எது? மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனக்கா இது, பதினாறு கேட்டுட்டு இவ்ளோ யோச்னெயா? பேக ஆடி, டீ ஆறிப்போகுது" என்று கண்டக்டர் பாதிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

பதினாறு. அந்த மனிதரின் வாயில் சர்க்கரை போட வேண்டும். நான் பேராசைக்காரி. முதல் நாலு சீட்டில் ஜாக்கியும் ஒன்பதும் ஒரே ஜாதியில் சேர்ந்து வந்திருந்தால் எடுத்த எடுப்பில் இருபது கேட்பவள். இதற்காக நர்ஸிடம் எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன். பதினாறோடு நின்றிருக்கிறேன் என்றால் ஆட்டின் ஜோடி அடுத்த நாலு சீட்டு வந்த பிறகுதான் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் துருப்பு இஸ்பேடாகத்தான் இருக்க வேண்டும்.

ஆட்டின் ஜாக்கியை இறக்கினேன். டெய்லரிடம் ஆட்டின் இல்லை. "துருப்பு என்னா ஆபா?" என்றார். அக்கா என்பதை அவர் உருதுவில்தான் சொல்வார். கவிழ்த்த சீட்டைத் திருப்பினேன்.

இஸ்பேட் ஏழு.

டெய்லரிடம் இஸ்பேடும் இல்லை. அந்த ஆட்டத்தில் பதினெட்டு எடுத்தோம். நான் சிரித்த சிரிப்புக்குக் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

எல்லாரும் போன பிறகு மகன் டீ டம்ளர்களைக் கழுவினான். எனக்கு முதுகைக் காட்டியபடி, "துருப்பு மறந்துபோச்சு இல்ல?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்தவள்தானே. ஆனால் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லி இந்த ஜன்னலைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. "ஆமாடா. சுத்தமா மறந்துபோச்சு" என்றேன்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சே?"

சொன்னேன். பதினாறையும் சொன்னேன், என் பேராசையையும் சொன்னேன். அவன் குழாயை மூடினான். பிறகு அவனும் சிரித்தான், சின்ன வயதில் சிரிப்பதுபோலத் தோளெல்லாம் குலுங்க. கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் இருந்த அட்டைப் பெட்டிகளை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். நான் வாசல் வரை கூடவே போனேன்.

நாலு படி இறங்கியவன் திரும்பி நின்றான்.

"கேஸ்?"

"மூடியாச்சு."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"சாவி?"

"கையில."

அவன் போகாமல் நின்றுகொண்டிருந்தான். எதற்கென்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

"உன் கார் சாவி?" என்றேன்.

பையைத் தடவிப் பார்த்தான். பிறகு படியேறி வந்து, மேசை நடுவில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டான்.

"ரைட், ரைட்" என்றேன். அவன் இறங்கிப் போனான்.