கோபம் வராத நாளில் எழுத்தும் வராது

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், மூன்று பேர் என் ஓரகத்தியின் வயிற்றில் பிறந்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மாற்றி அச்சடித்தவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்தேன்.

என் கொழுந்தனார், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பலரும் செய்ததைப் போல, ரிக் வண்டி வாங்கி வடநாட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடப் போனவர். அங்கே ஆபீஸ் வைத்ததும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டார். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, பாஷை புரியாது என்று மூன்று பிள்ளைகளையும் என்னிடம் விட்டுப் போனார்கள். சின்னவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு மீசை முளைத்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்து, எங்கள் வீட்டை ஒட்டி மாடி வீடு கட்டினார்கள். நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்.

அப்போதுகூட எனக்குப் பகை ஏதும் இல்லை. போன வருடம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போட்டார்கள். செலவு கொழுந்தனாருடையது. அதில் ஓரகத்தியின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. கீழே, ‘குடும்பத்தின் ஏழு பிள்ளைகளையும் தம் கையால் சோறூட்டி வளர்த்த தாய்’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் எங்கே என்று தேடினேன். பொங்கல் வைக்கும் கூட்டத்தின் படத்தில், யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் என் கொண்டை மட்டும் தெரிந்தது.

மூத்த மகனிடம் காட்டினேன்.

“உடுங்கம்மா. எழுதறவன் தெரியாம எழுதிப்போட்டான். இதப் போயிப் பெருசு பண்ணிட்டு.”

“தெரியாதவனே எழுதறான். தெரிஞ்சவ நா எழுதப்படாதா?”

அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அன்றைக்கே ஆரம்பித்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். படித்ததும் மறந்துபோனது. அந்த ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது, அடிக்கப் பிரம்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன் அல்லவா, அப்போது திரும்ப ஒட்டிக்கொண்ட எழுத்துதான் இது. ஆகையால் என் கையெழுத்தே எனக்குச் சாட்சி. ஓரகத்திக்குத் தன் பெயரைப் போட மட்டும்தான் தெரியும். அவள் யாருடைய வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்?

எழுதுவதற்குத் தாள் வாங்கவில்லை. கொழுந்தனாரின் கம்பெனி வருடா வருடம் மாதக் காலண்டர் அடித்துக் கொடுக்கும். முன்னால் முருகன், அவருக்குக் கீழே ரிக் வண்டி. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அவர்கள் தாளிலேயே அவர்களை எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது.

எழுத்தில் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தோட்டத்து மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். ஒரு பேஸ் போனாலும் உறுமுமே தவிர இழுக்காது. எனக்குக் கோபம்தான் கரண்ட். கோபம் இருக்கிற நாளில் உலை கொதிப்பதற்குள் ஒரு பக்கம் நிறையும். சின்னவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு கிடந்தது, பெரியவனைக் கிணற்றடியிலிருந்து காதைப் பிடித்து இழுத்து வந்தது, நடுவிலுள்ளவள் வயசுக்கு வந்தபோது அம்மா இல்லாத இடத்தில் நான் நின்றது, எல்லாம் அப்படி வந்தவைதான்.

கோபம் வராத நாளில் சும்மா இருக்க மாட்டேன். மலரை எடுத்து அந்த வரியைப் படிப்பேன். சில வாரம் அது வேலை செய்தது. பிறகு அதுவும் பழகிப்போனது. அப்புறம் வெள்ளாட்டைச் சுவர் ஓரமாகக் கட்டப் போவேன். அங்கே நின்றால் அவர்கள் வீட்டு மொட்டைமாடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் அரைப் பக்கமாவது ஓடும்.

ஒருநாள் நன்றாகச் சூடு ஏறி உட்கார்ந்த நேரத்தில் அவள் வீட்டிலிருந்து பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு வந்தது. நெய் ஊற்றி, சூடாக. இரண்டு தின்றேன். அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. அதிலிருந்து அங்கிருந்து எது வந்தாலும் மூடி வைத்துவிடுவேன். முதலில் எழுத்து, பிறகுதான் ஒப்பிட்டு.

மாசியில் அவளே வந்தாள். நான் கடலைக்காய் தொலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தாள்கள் கிடந்தன. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்கக்கா, எங்கூட்டுக் காலண்டர்ல என்ன கிறுக்கிட்டிருக்கறீங்க?”

“உங்கதையத்தான் அம்மிணி.”

“எழுதுங்க, எழுதுங்க. ஆரு படிக்கப் போறா?”

“நீ படிக்க மாட்டீன்னு தெரியும்.”

அவளும் இரண்டு கைப்பிடி கடலைக்காயை எடுத்துத் தொலித்தாள். பிறகு தொலியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மொதத்தடவ லீவுக்கு வந்தப்போ சின்னவன் உங்க சீலைக்குள்ள போயி ஒளிஞ்சுட்டான். ‘ஆரோ வந்திருக்கறாங்க’ன்னு உங்ககிட்டச் சொன்னான். நெனப்பிருக்குதுங்களா?”

“இருக்குது.”

“மலர்ல அப்பிடிப் போடச் சொன்னது நாந்தானுங்கக்கா. எழுதறவன் தப்பில்ல. ஒருக்கா அச்சுலயாச்சும் இருக்கட்டும்னு சொன்னேன்.”

எழுந்து, சேலையில் ஒட்டிய தொலியைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தே செய்தது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. இனிமேல் என்ன வேண்டும்? பேனாவை எடுத்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மலரைப் பார்த்தேன், ஆட்டைக் கட்டினேன், ஒப்பிட்டைத் திருப்பியே அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு கெட்ட நாள் வரிசை எனக்கு வந்ததே இல்லை. பங்குனி முழுக்க அப்படியே போனது. அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘பொய்க்காரி’ என்று எழுதினால் சப்பென்று இருந்தது. ‘திருடி’ என்று எழுதினேன், அதுவும் அப்படித்தான். எந்தச் சொல்லைப் போட்டாலும் அவள் சொன்னதைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

சித்திரையில் ஒருநாள் காலை, நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. நான் திட்ட வேண்டியதே இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினால் போதும். அதற்குமேல் ஒரு அடியை என்னால் அடிக்க முடியாது. திட்டி எழுதிய தாள்களை அடுப்பில் போட்டேன். ஒளிந்துகொண்ட பிள்ளை, அவன் பிடித்த சேலை யாருடையது, வாசலில் பெட்டியோடு நின்றவள் யார், பிறகு யார் என்ன அச்சடிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்றைக்குக் கை நிற்கவே இல்லை.

எழுதியதை அவள் படிக்க மாட்டாள். அதனால் காதில் விழ வேண்டும். அதற்கும் ஆள் இருக்கிறது. அந்தச் சின்னவனின் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ஓரகத்திக்குப் பேத்தி, எனக்கும் பேத்தி. இப்போது எதிரே உட்கார்ந்து, “பெரியாத்தா, இன்னும் முடியலீங்களா?” என்று அவசரப்படுத்துகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கும் சத்தம் கேட்கிறது. நல்ல நேரம்தான்.

இந்தா சாமி, முடிஞ்சுது. உங்கப்பனும் இதுல இருக்கறான். செவுத்துப் பக்கமாத் திரும்பி உக்காரு. மொதல்லருந்து படி, சத்தமாப் படி. அவ சொன்னது வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் போ. அந்தப் பக்கம் புளி தட்டறது நிக்குதான்னு நாங் கேக்கோணும்.